கடனும் இல்லறமும்

தமிழில் 'கடன்' என்னுஞ் சொல் இரு பொருள் தருவது. ஒருவன் செய்தே தீரவேண்டிய கடமையும் கடன். ஒருவன் வாங்கித் திருப்பித் தரவேண்டிய பொருளும் கடன். புறநானூற்றின் 312-ஆம் பாட்டில் பொன்முடியார் என்னும் புலவர் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் இளங்காளைக்கும் உரிய கடன்களை வகுத்துரைக்கின்றார். அங்கே கடன் என்பது கடமை. அதே நூலின் 327-ஆம் பாட்டில் ஒரு சிற்றூர்த் தலைவன் காட்சியளிக்கின்றான். அவனுக்கு விளைந்த வரகு சிறிதே. தன்னைச் சூழ்ந்து நின்ற கடன்காரர்க்குரியதை அதில் முதற்கண் கொடுக்கின்றான். எஞ்சியதைப் பசித்து வந்த பாணர் உண்கின்றனர். பின்னர்த் தன் சுற்றத்தாரின் பசி தீர்க்க ஊராரிடம் வரகைக் கடனாகக் கேட்கின்றான். அங்கே கடன் என்பது பட்ட கடன். ஒரே சொல் இவ்விரண்டையுங் குறித்தல் மிகப் பொருத்தமே. வாங்கிய பொருள் கைக்கு வந்த அப்பொழுதே அதனைத் திருப்பித் தருங் கடமையும் தோள்மேல் ஏறிவிடுகின்றது. பொருள் தேயும், பழுதுபடும், மறைந்தும் போகும். கடமையோ தீர்க்குமளவும் நிற்கும்.

இல்வாழ்க்கையுட் புதிதாய்ப் புகும் இளைஞர் பலர் இந்நாளில் இவ்வுண்மையை மறந்து, தவணையாலும் கடன் அட்டையாலும் கைப்பேசிச் செயலியாலும் தம் வருவாய்க்கு மிஞ்சிய வாழ்க்கையை அமைத்துக்கொள்கின்றனர். இஃது எவ்வாறு தொடங்குகின்றது, எவ்வழியாய் வளர்கின்றது, எதனை அழிக்கின்றது, இதனின்றும் தப்புமாறு யாது என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம். கல்லூரியை விட்டு நீங்கியபின் சில ஆண்டுகளில் நம்மிற் பெரும்பாலார் இல்லறத்தில் நுழைவோமாதலின், இஃது நமக்குப் புறம்பான செய்தி அன்று.

முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். கடன் யாவும் தீது என்பது நம் கருத்தன்று. நோயுற்ற குழந்தையின் மருத்துவத்திற்குக் கடன் வாங்கும் தாயை யார் பழிப்பர்? மகளைப் படிக்கவைக்கக் கடன்படுந் தந்தையும், குடியிருக்க ஒரு சிறு வீடு கட்டக் கடன்படுவோரும் தம் எதிர்காலத்திற்கு வித்திடுகின்றவரே. அமெரிக்க நாட்டில் சிங்கர் தையல் இயந்திரக் கம்பெனியார் 1856-ஆம் ஆண்டளவில் தம் இயந்திரங்களைத் தவணை முறையில் விற்கத் தொடங்கினர். அவ்வியந்திரத்தை வாங்கிய ஏழைப்பெண் அதனைக்கொண்டே துணி தைத்துப் பொருளீட்டித் தவணையைக் கட்டலாம். கடனால் வந்த பொருள் கடனைத் தானே தீர்த்தது. நாம் இங்கு அஞ்சுவது வேறொரு கடனை. அது பிறர் கண்ணுக்காக வாங்கப்படுவது; வாங்கிய நாளிலிருந்தே விலை குறைந்துபோகும் பொருளுக்காக வாங்கப்படுவது; பொருள் பழையதாகிப் பரண்மேல் ஏறிய பின்னரும் தவணை நின்றபாடில்லாதது.

இக்கடன் பெரும்பாலும் திருமண நாளிலேயே தொடங்குகின்றது. மண்டபம், விருந்து, பட்டு, ஒளிப்படம், மேடை அலங்காரம் என்று செலவு பெருகுகின்றது. முன்னாளில் இச்சுமை பெற்றோர்மேல் விழுந்தது. இந்நாளில் மணமக்கள் தாமே ஊதியம் பெறுவோராதலின், தம் பெயரிலேயே தனிநபர்க் கடன் வாங்கி விழாவை நடத்துகின்றனர். ஒரு நாள் விருந்தின் விலையை நான்கு ஆண்டுகள் கட்டுகின்றனர். ஆலயத்தில் போதகர் ஆசீர்வாதங் கூறி முடிக்குமுன்னரே அவ்விருவரின் வாழ்வில் கடன்காரர் மூன்றாமவராய் வந்து அமர்ந்துவிடுகின்றார்.

அடுத்துத் தனிக்குடித்தனம் வைக்குங் காலம். பெற்றோர் முப்பது ஆண்டுகளிற் சிறுகச் சிறுகச் சேர்த்த கட்டிலும் பீரோவும் குளிர்பதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் முதல் ஆண்டிலேயே தம் வீட்டில் இருத்தல் வேண்டும் என்று இளையோர் நினைக்கின்றனர். தம்மொத்த நண்பர் வீட்டில் உள்ளவற்றைக் கைப்பேசிப் படங்களில் நாள்தோறுங் காண்கின்றனர்; அவ்வீட்டின் கடன் கணக்கு மட்டும் அப்படங்களில் தோன்றுவதில்லை. ஒரு பொருள் வந்தால் அதற்கிணையாக மற்றொன்றும் வேண்டியிருக்கின்றது. பிரெஞ்சு நாட்டு அறிஞர் தெனி தீதரோ 1769-ஆம் ஆண்டில் எழுதிய ஒரு சிறு கட்டுரையில், தமக்கு வந்த அழகிய புதிய மேலங்கியொன்றால் விளைந்த தொல்லையை நகைச்சுவையோடு கூறுகின்றார். அங்கிக்கு முன் பழைய நாற்காலி அழகற்றதாய்த் தோன்றவே அது மாறியது. நாற்காலிக்கேற்ப மேசையும் சுவரிலுள்ள படங்களும் மாறின. பழைய அங்கிக்குத் தாம் தலைவராயிருந்ததாகவும், புதியதற்கு அடிமையாகிவிட்டதாகவும் அவர் வருந்துகின்றார். புதிய சோபா வந்தபின் பழைய தொலைக்காட்சிப் பெட்டி சிறிதாய்த் தோன்றும் நம்மூர் வீடுகளுக்கும் இது பொருந்துவதே.

இனி, கடன் கொடுப்போர் கையாளும் வழிகளை ஆராய்வோம். கணக்கு அறியாமையே இவ்விடத்தில் பெருங்குழி. 'வட்டியில்லாத் தவணை' என்று கடைகளில் எழுதி வைக்கின்றனர். ஒரு கைப்பேசியின் விலை 24,000 ரூபாய் எனவும், அதனை மாதம் 2,000 வீதம் 12 மாதங்களிற் கட்டலாம் எனவும் கூறுகின்றனர் என்று கொள்வோம். முழுப்பணத்தையும் உடனே கொடுப்பவர்க்கோ அதே கைப்பேசி 22,500 ரூபாய்க்குக் கிடைக்கின்றது. அவ்வாறாயின் அதன் மெய்விலை 22,500. எஞ்சிய 1,500 ரூபாய் வட்டியே. கணக்கிட்டால் இது மாதம் நூற்றுக்கு ஏறத்தாழ 1 வீதம், அஃதாவது ஆண்டுக்கு 12 வீதம் ஆகும். இதற்குமேல் 500 ரூபாய் 'செயலாக்கக் கட்டணம்' என்று முன்னரே பெற்றுக்கொண்டால் ஆண்டு வட்டி 16 வீதத்தைக் கடந்துவிடுகின்றது. இந்திய ரிசர்வ் வங்கி 2013-ஆம் ஆண்டு செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், சுழிய வட்டி என்பதொன்று உண்மையில் இல்லை என்பதை வெளிப்படையாகவே சுட்டிக்காட்டியது. வட்டி வேறு பெயர் பூண்டு விலைக்குள் ஒளிந்துகொள்கின்றது; அவ்வளவே.

இரண்டாவது, 'பிளாட் வட்டி' என்று வழங்கும் முறை. ஓர் இலட்ச ரூபாயை இரண்டு ஆண்டுகளுக்கு 12 வீதத்தில் தருவதாகக் கூறுவர். இரண்டாண்டு வட்டி 24,000, மொத்தம் 1,24,000, அதனை 24 மாதங்களாற் பிரித்து மாதம் 5,167 ரூபாய் கட்டச் சொல்வர். கேட்பவர் தாம் 12 வீதமே கொடுப்பதாக நம்புகின்றார். ஆனால் மாதந்தோறும் முதலிற் பகுதி தீர்ந்துகொண்டே வருகின்றதன்றோ? தீர்ந்துபோன முதலுக்கும் இறுதிவரை வட்டி கொடுப்பதே இம்முறையின் சூழ்ச்சி. உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 21½ வீதம்.

மூன்றாவது, கடன் அட்டை. உரிய நாளில் முழுத்தொகையையுங் கட்டுவோர்க்கு அது நல்ல வேலைக்காரன். கட்டத் தவறுவோர்க்கோ அதுவே கொடிய எசமான். பல அட்டைகளில் வட்டி மாதம் நூற்றுக்கு 3½ வீதமளவில் உள்ளது. ஆண்டுக்குக் கணக்கிட்டால் 40 வீதத்தைத் தாண்டும். 50,000 ரூபாய் பாக்கி வைத்த ஒருவர், அட்டை கேட்கும் குறைந்தபட்சத் தொகையை மட்டும், அஃதாவது நூற்றுக்கு 5 வீதமாகிய 2,500 ரூபாயைக் கட்டுகின்றார் என்று கொள்வோம். அம்மாத வட்டி 1,750 ரூபாய். அவ்வட்டியின்மேல் 18 வீதம் சரக்கு சேவை வரி 315 ரூபாய். ஆகவே கட்டிய 2,500 ரூபாயில் முதலிற் கழிவது 435 ரூபாயே. இவ்வாறே அவர் தவறாமற் கட்டிவந்தாலும், புதிதாய் ஒரு காசும் செலவிடாவிட்டாலும், ஐந்து ஆண்டுகள் கழிந்த பின்னரும் கடனிற் பாதிக்குமேல் எஞ்சியே நிற்கும். 'குறைந்தபட்சம்' என்னுஞ் சொல் இரக்கமுடையது போல் ஒலிக்கின்றது. உண்மையில் அஃது கடனை வளர்க்குஞ் சொல்லே.

நான்காவது, சில நிமிடங்களிற் பணந் தரும் கைப்பேசிச் செயலிகள். இவற்றுள் உரிய பதிவு பெற்றனவும் உள, பெறாதனவும் உள. பதிவு பெறாதவை 10,000 ரூபாய் கடனென்று எழுதிக்கொண்டு, கட்டணம் என்று 2,000 ரூபாயைக் கழித்து, 8,000 ரூபாயைக் கையில் தந்து, 15 நாளில் 10,000 ரூபாயைக் கேட்பதுண்டு. பதினைந்து நாளுக்கு நூற்றுக்கு 25 வட்டி என்பது ஆண்டுக்கு 600 வீதமாகும். கந்துவட்டிக்காரர் வாசலில் வந்து நிற்பார். இச்செயலியோ நம் கைப்பேசியிலுள்ள உறவினர் எண்களையெல்லாம் கவர்ந்துகொண்டு, அவர்கள் அனைவர்க்கும் இழிசெய்தி அனுப்புகின்றது. இக்கொடுமைகள் பெருகியதனாலேயே ரிசர்வ் வங்கி 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் மின்வழிக் கடனுக்கெனத் தனி நெறிமுறைகளை வகுத்தது. பிணையின்றித் தரப்படும் நுகர்வுக் கடன்கள் வரம்பின்றிப் பெருகுவதைக் கண்டு, அவ்வங்கி 2023-ஆம் ஆண்டு நவம்பரில் வங்கிகள் அத்தகைய கடன்களுக்கு எதிராக மிகுதியான மூலதனம் வைத்திருக்கவேண்டும் என்றும் பணித்தது. கடன் கொடுக்கும் வங்கிகளையே எச்சரிக்க வேண்டியிருந்ததாயின், வாங்குவோர் எத்துணை விழிப்பாயிருத்தல் வேண்டும்!

இனி ஓர் இல்லத்தின் கணக்கைப் பார்ப்போம். இது கற்பனைக் கணக்கே. ஆயினும் இத்தகைய இல்லங்கள் நம் தெருக்களில் அரியன அல்ல. கணவன் ஊதியம் 28,000 ரூபாய். மனைவி ஊதியம் 17,000 ரூபாய். ஆக வருவாய் 45,000. திருமணக் கடனுக்குத் தவணை 8,500. இருசக்கர வண்டிக்கு 3,800. இரு கைப்பேசிகளுக்கு 3,500. குளிர்பதனப் பெட்டிக்கும் சலவை இயந்திரத்திற்கும் 3,000. கடன் அட்டைக்கு 2,500. தவணை மட்டும் 21,300 ரூபாய். வீட்டு வாடகை 11,000. இவை போக எஞ்சுவது 12,700. அரிசி, பால், காய்கறி, எரிவாயு, மின்சாரம், பயணம், ஊரிலுள்ள பெற்றோர்க்கு அனுப்புவது ஆகிய யாவும் இதற்குள் அடங்குதல் வேண்டும். சிரமப்பட்டால் அடங்கும். 'எல்லாம் ஒழுங்காகத்தானே நடக்கின்றது' என்று அவர்கள் மகிழ்கின்றனர்.

அடுத்த ஆண்டு அவ்வில்லத்தில் ஒரு நற்செய்தி பிறக்கின்றது, மனைவி கருவுறுகின்றாள். அவள் பணிபுரிவதோ பேறுகால விடுப்பு ஊதியம் தராத ஒரு சிறு கடை. அவள் வேலையை விட்டு நின்றால் வருவாய் 28,000 ஆகின்றது. தவணையும் வாடகையுமோ 32,300 ரூபாய். ஒரு பிடி அரிசி வாங்குமுன்னரே மாதம் 4,300 ரூபாய் குறைகின்றது! இத்தம்பதியர் சூதாடவில்லை, குடிக்கவில்லை, சோம்பியும் இருக்கவில்லை. ஒவ்வொரு தவணையும் தனித்தனியே நோக்கச் சிறிதாகவே தோன்றிற்று. சிறுதுளி பெருவெள்ளம் என்பது சேமிப்புக்கு மட்டுமன்று, கடனுக்கும் பொருந்தும் என்பதை அவர்கள் அறிந்திலர். அன்றியும், இரண்டு ஊதியங்களும் என்றும் குறைவின்றி வந்துகொண்டேயிருக்கும் என்னும் நம்பிக்கையின்மேல் தம் வீட்டைக் கட்டினர். நோய், வேலையிழப்பு, மகப்பேறு, பெற்றோரின் முதுமை ஆகியவற்றுள் ஒன்றேனும் வாராத இல்லம் எங்குள்ளது?

இந்நிலையில் நிகழ்வன யாவரும் அறிந்தனவே. முதலில் நகை அடகுக்குப் போகின்றது. வளையல் போகும், பின்னர்ச் சங்கிலி போகும், இறுதியில் தாலிக்கொடியே போய், கழுத்தில் மஞ்சட்கயிறோ மெல்லிய முலாம் பூசிய சங்கிலியோ தொங்கும். வட்டியை மட்டுங் கட்டி அடகைப் புதுப்பித்துப் புதுப்பித்துச் சலித்தபின் ஒருநாள் ஏல அறிவிப்பு வரும். ஓர் அட்டையின் பாக்கியை மற்றோர் அட்டையாலும், அதன் பாக்கியைச் செயலிக் கடனாலும் தீர்க்கும் நிலை பிறக்கும். குழியை மூடுவதற்காகப் பக்கத்திலேயே மற்றொரு குழி தோண்டுவது போன்றது இது. தவணை தவறுந்தோறும் அச்செய்தி கடன் தகவல் நிறுவனங்களிற் பதிவாகின்றது. 300 முதல் 900 வரை அமைந்த அவற்றின் மதிப்பெண் தாழ்ந்துபோகவே, பின்னாளில் மெய்யாகவே வேண்டப்படும் வீட்டுக்கடனோ கல்விக்கடனோ கேட்கும்போது வாயில் அடைபடுகின்றது. நம் முன்னோர் 'நாணயம்' என்று சொல்லிக் காத்த பண்பு இன்று எண்ணாக எழுதப்பட்டு எங்கும் உடன் வருகின்றது.

ஆயினும், இவையெல்லாவற்றிலும் கொடிய இழப்பு பணமன்று என்பதே நம் துணிபு. கணவனும் மனைவியும் ஒருவரிடம் ஒருவர் உண்மை பேசும் உரிமையைக் கடன் தின்றுவிடுகின்றது. ஜார்ஜ் எலியட் 1871, 1872-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட 'மிடில்மார்ச்' என்னும் புதினத்தில் இதனை மிக நுட்பமாகக் காண்கின்றோம். லிட்கேட் என்னும் இளமருத்துவன் மருத்துவ ஆராய்ச்சியில் அரும்பணியாற்றும் நோக்கத்தோடு ஓர் ஊருக்கு வருகின்றான். ரோசமண்டை மணந்து, உயர்ந்த இல்லமும் அழகிய தட்டுமுட்டுப் பொருள்களுங் கடனுக்கு அமைக்கின்றான். கடன் நெருக்கியபோதும் மனைவியிடம் உடனே கூறாது தாழ்த்துகின்றான். வீட்டைப் பிறர்க்கு விட்டுச் சிறுகக் குடிபுகலாம் என்று அவன் முயலுங்காலை, அவள் அவனறியாமலே அம்முயற்சியைத் தடுத்துவிடுகின்றாள். அவனறியாமலே அவன் உறவினர்க்குப் பொருளுதவி வேண்டிக் கடிதமும் எழுதுகின்றாள். இறுதியில் ஐயத்திற்குரிய ஒருவரிடம் ஆயிரம் பவுன் பெற்று, அதனால் ஊரார் பழிக்கும் ஆளாகி, தன் பெருநோக்கத்தைக் கைவிட்டு, செல்வர்க்கு மருத்துவம் பார்ப்பவனாய் வாழ்ந்து ஐம்பதாம் வயதில் மறைகின்றான். இவ்விருவருள் ஒருவரும் தீயவர் அல்லர். ஒரு மாலைப்பொழுது இருவரும் அமர்ந்து கணக்கைத் திறந்து பேசியிருப்பின் காத்திருக்கக்கூடிய வாழ்வு, மறைத்ததனால் அழிந்தது.

நம் சிலப்பதிகாரத்திலும் பொருளிழந்த இளந்தம்பதியர் உளர். கோவலன் தன் குலத்தார் ஈட்டிய செல்வத்தைத் தொலைத்து வெறுங்கையனாய் மனைவியிடம் திரும்புகின்றான். தன் நாணத்தையும் வறுமையையும் மறைக்காமல் உரைக்கின்றான். கண்ணகி பழிச்சொல் ஒன்றுங் கூறாது தன் சிலம்பைத் தருகின்றாள். அச்சிலம்பை வாணிகத்திற்கு முதலாகக் கொண்டு இழந்ததை ஈட்டவே அவர்கள் மதுரைக்குச் செல்கின்றனர். அவர்க்கு நேர்ந்த முடிவு வேந்தனின் பிழையால் வந்தது. அவர் எடுத்த முடிபோ செம்மையானதே. இங்கு நாம் கருதத்தக்கன மூன்று: உள்ள நிலை உரைக்கப்பட்டது, உள்ள பொருள் கொணரப்பட்டது, அப்பொருள் உண்டு தீர்ப்பதற்கன்றி உழைத்துப் பெருக்குவதற்கு வைக்கப்பட்டது. அடகுக்கடையில் தாலிக்கொடியை வைத்து அட்டைக்கு வட்டி கட்டுவோர்க்கு இம்மூன்றும் இல்லை.

கடனின் சுமை பெற்றோரோடு நிற்பதுமில்லை. ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கென்ஸின் தந்தையார் கடற்படை ஊதிய அலுவலகத்தில் நல்ல சம்பளம் பெற்றவர். எனினும் வரவுக்கு மிஞ்சிச் செலவிட்டார். 1824-ஆம் ஆண்டில் ஒரு ரொட்டிக் கடைக்காரர்க்குத் தரவேண்டிய 40 பவுன் 10 ஷில்லிங்குக்காக இலண்டனில் மார்ஷல்சி சிறையில் அடைக்கப்பட்டார். பன்னிரண்டே வயதான சார்லஸ் காலணி மை ஆலையில் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலை செய்யவேண்டியதாயிற்று. வேதாகமத்தில் இரண்டாம் இராஜாக்கள் நான்காம் அதிகாரத்தில் வரும் விதவையின் துயரமும் இத்தகையதே. கடன்கொடுத்தவன் அவளுடைய இரு குமாரரை அடிமைகளாக்க வந்து நிற்கின்றான். எலிசா தீர்க்கதரிசியின் சொற்படி அவள் வீட்டிலிருந்த சிறிது எண்ணெய் பெருகுகின்றது. அப்பொழுது தீர்க்கதரிசி கூறும் முறையைக் கவனித்தல் வேண்டும். எண்ணெயை விற்றுக் கடனைத் தீர்ப்பது முதல். மிஞ்சியதைக் கொண்டு தாயும் பிள்ளைகளும் பிழைப்பது அடுத்தது. அற்புதத்தால் வந்த செல்வத்திற்கும் இதுவே ஒழுங்காயிற்று. புறநானூற்றுத் தலைவன் தன் சிறு வரகுக் குவியலில் முதலிற் கடன்காரர்க்கு அளந்ததும் இவ்வொழுங்கே. இரு வேறு நாடுகளிற் பிறந்த இரு நூல்கள் இவ்வொரு நெறியிற் கைகோத்து நிற்றல் நமக்கு வியப்பளிக்கின்றது.

இங்குச் சிலர் ஒரு தடை நிகழ்த்தக்கூடும். 'ஊதியமோ குறைவு, வாடகையோ உயர்வு, கடனின்றி இந்நாளில் ஓர் இல்லம் அமைத்தல் எங்ஙனம்?' என்பர். இத்தடையில் உண்மையுண்டு. உழைப்புக்கேற்ற ஊதியம் கிடையாமை சமுதாயத்தின் குறையே. அதனைத் திருத்துதலும் வேண்டும். ஆனால் ஊதியம் குறைவு என்பதே, அக்குறைந்த ஊதியத்தின் ஒரு பகுதியை வட்டியாய் இழக்கலாகாது என்பதற்கு வலிய காரணமாகின்றது. மாதம் 2,065 ரூபாய் அட்டை வட்டிக்கும் வரிக்கும் கொடுக்கும் இல்லம், அத்தொகையைச் சேர்த்து வைத்திருப்பின் ஓராண்டில் 24,780 ரூபாய் கையில் இருந்திருக்கும். ஓராண்டு பொறுத்தால் சொந்தப் பணத்தில் வந்திருக்கும் பொருளை, இன்றே கொள்ளும் அவாவினால் இருமடங்கு விலைக்கு வாங்குகின்றோம். ஏழைக்கே பொறுமை மிகுந்த ஊதியந் தருவது.

ஆயின் செய்யத்தக்கன யாவை? திருமணம் உறுதியாகுங் காலத்திலேயே மணமக்கள் இருவரும் தத்தம் ஊதியம், பட்ட கடன், பெற்றோர்க்கு ஆற்றவேண்டிய உதவி ஆகியவற்றை ஒருவர்க்கொருவர் ஒளியாமல் உரைத்தல் வேண்டும். சாதகமும் குலமும் கேட்பவர் கடனைக் கேட்க நாணுவதேன்? கோபுரங் கட்டப் புகுவோன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடவேண்டும் என்று நம் ஆண்டவர் லூக்கா சுவிசேஷம் பதினான்காம் அதிகாரத்தில் உவமை கூறினாரன்றோ? இல்லறமும் ஒரு கோபுரமே.

திருமணத்தின்பின் வரவு செலவுக் கணக்கை இருவரும் மாதந்தோறும் ஒருங்கிருந்து எழுதுதல் வேண்டும். வாடகை, தவணை போன்ற தவிர்க்கவொண்ணாச் செலவுகள் இருவருள் ஒருவர் ஊதியத்திற்குள்ளேயே அடங்குமாறு வாழ்வை அமைப்பின், மற்றவர் ஊதியம் நின்றாலும் இல்லம் நிலைகுலையாது. மூன்று மாதச் செலவுக்குரிய தொகையேனும் வங்கியிலோ அஞ்சலகத்திலோ சேரும்வரை ஆடம்பரப் பொருள் எதனையும் வாங்காதிருத்தல் நன்று. கடன் வாங்கியே தீரவேண்டுமாயின், மாதத் தவணை எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாது, எல்லாக் கட்டணங்களும் உட்பட ஆண்டு வட்டி எத்தனை வீதம் என்று கேட்டல் வேண்டும். இவ்வீதத்தைத் தெளிவாகக் காட்டும் முக்கிய விவரத் தாளைத் தனிமனிதர் பெறும் கடன்களுக்குக் கொடுத்தே தீரவேண்டும் என்னும் விதி 2024-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அத்தாளைப் படியாமற் கையொப்பமிடுதல், கிணற்றின் ஆழம் பாராமற் குதித்தலை ஒக்கும்.

முன்னரே கடனில் அழுந்தியோர்க்கும் வழியுண்டு. எல்லாக் கடன்களையும் ஒரே தாளில் எழுதி, வட்டி மிகுந்ததை முதலில் தீர்த்தல் வேண்டும். வண்டியோ நகையோ விற்றாவது 40 வீதக் கடனை அடைத்தல், அதற்கு வட்டி கட்டிக்கொண்டிருத்தலினும் மேலானது. கட்ட இயலாத மாதத்தில் ஒளிந்துகொள்ளாது வங்கிக்குச் சென்று தவணையை மாற்றியமைக்கக் கேட்கலாம். வசூலுக்கு வருவோர் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் தொலைபேசியில் அழைத்தல் ஆகாது என்று ரிசர்வ் வங்கி 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டிற் பணித்துள்ளது. தமிழ்நாட்டில் கந்துவட்டியைத் தடுக்க 2003-ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இயற்றப்பட்டது. கடன்பட்டோர் குற்றவாளி அல்லர். மிரட்டலுக்கு அஞ்சி உயிரை வெறுக்க வேண்டுவதில்லை. பெற்றோரிடமோ போதகரிடமோ நல்ல நண்பரிடமோ வாய்திறந்து கூறுதலே மீட்சியின் முதற்படி. கடன் எத்துணைப் பெரிதாயினும் ஓர் உயிரினும் பெரிதன்று.

பெரியோர்க்கும் சபையார்க்கும் இதிற் கடமையுண்டு. எளிய திருமணத்தை இகழாமை, விருந்தின் அளவால் அன்பின் அளவை மதியாமை, புதுமணமக்கள் வீட்டிற்குச் சென்று 'இன்னும் இது வாங்கவில்லையா?' என்று வினவாமை ஆகியன சிறிய செயல்களாய்த் தோன்றினும் பேருதவியாகும். இளையோர் பலர் கடன்படுவது தம் ஆசையால் மட்டுமன்று. நம் கண்களுக்கு அஞ்சியும் கடன்படுகின்றனர்.

திருவள்ளுவர் வரவின் அளவையும் செலவின் அளவையும் பற்றிய தம் அறிவுரையை 'வலியறிதல்' என்னும் 48-ஆம் அதிகாரத்தில் வைத்தார். அவ்வதிகாரம் வேந்தர்க்குரிய பொருட்பாலில் உள்ளது. தன் பொருளின் அளவை அறிதலும் தன் வலிமையை அறிதலும் ஒன்றே என்பது அவர் கருத்துப்போலும். ஆகவே சிக்கனம் என்பது ஏழ்மையின் அடையாளமன்று, அரசர்க்குரிய அறிவு. பாயில் அமர்ந்து உண்டாலும் எவர்க்கும் அஞ்சாமற் கதவைத் திறக்கும் இல்லமே செல்வமுடைய இல்லம். வாங்கிய கடன் வளர்ந்தால் ஆற்றவேண்டிய கடன் தேயும். பெற்றோரைப் பேணலும் பிள்ளைகளை வளர்த்தலும் எளியோர்க்கு உதவலும் ஆகிய கடன்கள் அனைத்தும் தவணைக்குப் பின்னே தள்ளப்படும். முன்னதைக் குறைத்துப் பின்னதை நிறைவுறச் செய்யும் இல்லறத்தை நம்மிற் புகப்போவோர் யாவரும் அமைத்துக்கொள்வோமாக.